இருபதுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை

கூட்டல் சரியாக வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பெருமைக்குச் சொல்லவில்லை, இந்தக் குணத்துக்காக வீட்டில் நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. பிரசவ மருத்துவமனை ஒன்றின் பதிவுப் பிரிவில் ஒரு மேசை, ஒரு கணினி, அதற்குள் ஒரு டேட்டாபேஸ். அதுதான் என் ராஜ்ஜியம். ஒரு பெயருக்குப் பின்னால் இடைவெளி ஒன்று கூடுதலாக விழுந்திருந்தாலும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. எங்கள் லேப்காரர் எனக்குத் ‘துடைப்பம்’ என்று பெயர் வைத்திருந்தார். முகத்துக்கு எதிரிலேயே அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கும் உள்ளூர அதில் கொஞ்சம் கர்வம்தான்.

அன்று திங்கட்கிழமை, காலை ஒன்பதரை. காலாண்டு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். தைராய்டு பரிசோதனைப் பகுதி மட்டும் பாக்கி. எங்கள் மருத்துவமனையில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் மூன்றாம் நாள் குதிகாலில் ஒரு குத்து உண்டு. கசியும் ரத்தத்தை அட்டையில் அச்சடித்த வட்டங்களில் தொட்டு, காயவைத்து, லேபுக்கு அனுப்புவார்கள். லேபிலிருந்து ஒரு எண் வரும். அந்த எண் இருபதுக்கு மேல் இருந்தால் குழந்தையைத் திரும்பக் கூப்பிட வேண்டும். கழுத்தில் இருக்கும் சுரப்பி வேலை செய்யாமல் இருக்கலாம். மருந்து சாதாரண மருந்துதான், தினம் ஒரு மாத்திரைத் துண்டு. ஆனால் பிறந்த இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும். மூளை வளர்கிற நாட்கள் அவை. போன நாள் போனதுதான்.

நான் மூன்று க்வெரி எழுதினேன். க்வெரி பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டேபிளில் குழந்தைகள் வரிசை வரிசையாக இருப்பார்கள். எப்படிப்பட்ட குழந்தைகள் வேண்டும் என்று கட்டத்தில் நிபந்தனை எழுதி, சிவப்பு ஆச்சரியக்குறி போட்ட பட்டனை அமுக்கினால் அந்த வரிசைகள் மட்டும் வந்து நிற்கும். லேபிலிருந்து தாள் வந்த குழந்தைகள் மொத்தம் எத்தனை என்று கேட்டேன். நானூற்று முப்பத்தெட்டு. அளவு இருபதுக்கு மேல்? நான்கு. இருபதும் அதற்குக் கீழும்? நானூற்றுப் பதினொன்று.

விரலை மடக்கிக் கூட்டினேன். நானூற்றுப் பதினைந்துதான் வந்தது. இருபத்துமூன்று குழந்தைகளைக் காணோம்.

நிபந்தனையில் ஏதாவது தட்டுத் தவறியிருக்கும் என்று மறுபடி எழுதினேன். மறுபடியும் நானூற்றுப் பதினைந்து. எரிச்சலாக வந்தது. பிறகுதான், அளவுக் கட்டத்துக்குக் கீழே ‘இஸ் நல்’ என்று போட்டு ஓட்டினேன். அப்படிப் போட்டால் கட்டம் காலியாக இருக்கும் வரிசைகள் வரும். இருபத்துமூன்றும் வந்து நின்றன. பெயர், பிறந்த தேதி, எடை, விலாசம் எல்லாம் இருந்தது. அளவு என்ற கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

லேபுக்குப் போன் போட்டேன்.

“இருபத்திமூணு பேருக்கு அளவே போடல. எல்லாரும் அங்க தூங்கிட்டு இருக்கீங்களா?”

“காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா துடைப்பம்?” என்றார் லேப்காரர். “அதெல்லாம் கெட்டுப்போன அட்டைங்க. ரத்தம் பத்தாம, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்தது. நீதானே தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி ஒம்பது போடாதீங்க, காலியா விடுங்கன்னு வந்து சண்டை போட்ட? விட்டாச்சு.”

போனை வைத்தேனா, அவர் வைத்தாரா என்று நினைவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. எனக்கு முன்னால் இதே நாற்காலியில் இருந்தவர் வெளியூர் போய்விட்டார். நான் பார்த்ததுகூட இல்லை. அவர் காலத்திலிருந்து கெட்டுப்போன அட்டைகளுக்கு அளவுக் கட்டத்தில் 999 என்று போட்டு வந்தார்கள். யாருக்கும் அப்படி ஒரு அளவு வராது. எனக்கு அது கண்ணை உறுத்தியது. எட்டு வாரத்துக்கு முன்னால் மாதாந்திரக் கூட்டத்தில் நான் கொடுத்த ரிப்போர்ட்டில் சராசரி அளவு இருபத்துநாலு என்று வந்துவிட்டது. ஆறே ஆறு வரிசைகளில் இருந்த 999 செய்த வேலை. நிர்வாகி எல்லார் முன்னாலும் தாளைத் தூக்கிக் காட்டி, “என்னம்மா இது, ஊர்ல பொறந்த பிள்ளைங்க அத்தனைக்கும் தைராய்டா?” என்று கேட்க, கூட்டமே சிரித்தது. எனக்கு மானம் போனது போல இருந்தது.

அன்று மத்தியானமே ஒரு அப்டேட் க்வெரி எழுதினேன். 999 இருக்கும் இடத்தை எல்லாம் காலியாக்கு. ‘ஆறு வரிசைகள் மாற்றப்படும், சரிதானா?’ என்று அது என்னைக் கேட்டது. சரி என்று அமுக்கினேன். சராசரி நாலுக்கு இறங்கியது. கையோடு லேபுக்கும் போய் இனிமேல் காலியாக விடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று மத்தியானம் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அந்த 999 எதற்கு இருந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. தினமும் காலையில் ‘திரும்ப அழைக்க’ என்ற க்வெரியை ஓட்டி, தாளில் அடித்து, தலைமைச் செவிலியரிடம் கொடுப்பது என் வேலை. இருபதுக்கு மேலே இருப்பவர்கள் அதில் வருவார்கள். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும் இருபதுக்கு மேலேதானே. கெட்ட அட்டைக்காரர்களும் அதில் வந்து சேர்வார்கள், செவிலியர் போன் போட்டுக் கூப்பிடுவார், புதிதாக ரத்தம் எடுப்பார்கள், உண்மையான அளவு வந்ததும் 999 போய்விடும். அப்படித்தான் அது இத்தனை காலம் ஓடியிருக்கிறது. காலிக் கட்டம் அப்படி இல்லை. இருபதுக்கு மேலே யார் என்றால் அது வராது. கீழே யார் என்றாலும் வராது. நீ யார் என்று அதையே நேராகக் கேட்டால்தான் வரும். எட்டு வாரமாக நான் கேட்கவில்லை.

“லிஸ்ட் இப்பல்லாம் சின்னதாயிடுச்சே!” என்று செவிலியர் ஒருமுறை சந்தோஷமாகச் சொன்னார். “சுத்தம் பண்ணிட்டேன் சிஸ்டர்” என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

டேபிளின் வடிவமைப்பைத் திறந்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு இடம் இருக்கும். பெரும்பாலும் யாரும் எழுத மாட்டார்கள், யாரும் படிக்கவும் மாட்டார்கள். அளவு என்பதற்கு நேரே, எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த அந்த முகம் தெரியாத மனுஷி எழுதி வைத்திருந்தார்: ‘999 = அட்டை கெட்டது. மறுபடி எடுக்க வேண்டும். அழிக்காதீர்கள்.’

திட்டுவதற்கு எனக்கு யாரும் மிச்சமில்லை. இருபத்துமூன்று வரிசைகளுக்கும் திரும்பி வந்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தேன். பதினேழாவது வரிசையில், தாயின் பெயர் என்ற இடத்தில், என் தங்கையின் பெயர் இருந்தது.

வேறு யாரோ அதே பெயரில் இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறந்த தேதியைப் பார்த்தேன். நேரம் காலை ஆறு பத்து. பிரசவ அறைக்கு வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்து நான்தான் எல்லாருக்கும் போனில் சொன்னேன். பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். இன்றைக்கு முப்பத்தெட்டு நாள்.

எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்துவிட்டது. குழந்தைக்கு இருபது நாள் ஆனபோது தங்கை போன் செய்தாள். “அக்கா, பாப்பா பாலுக்குக்கூட எழுந்திருக்க மாட்டேங்குது. நான்தான் தட்டித் தட்டி எழுப்பணும். கண்ணும் இன்னும் மஞ்சளாவே இருக்கு. அந்தக் குதிகால் டெஸ்ட் என்னாச்சுன்னு பாரேன்” என்றாள். நான் ‘திரும்ப அழைக்க’ லிஸ்டை ஓட்டினேன். அவள் பெயர் இல்லை. “லிஸ்ட்லயே இல்லடி. இல்லன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். கண்டதையும் படிச்சிட்டு உயிர வாங்காத. தூங்குற பிள்ளைய ஏன் எழுப்புற? இப்படி அழாத பிள்ளை கிடைக்க நீ கொடுத்து வச்சிருக்கணும்” என்றேன். பார்க்க வந்தவர்கள் எல்லோருமே அதைத்தான் சொன்னார்கள், தங்கமான குழந்தை, இருக்கும் இடமே தெரியவில்லை என்று. அவளும் சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

தாளை அடித்து எடுத்துக்கொண்டு குழந்தை டாக்டரின் அறைக்கு ஓடினேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் முறைத்தார்கள். உள்ளே போய் வாயில் வந்ததை எல்லாம் கொட்டினேன். அந்த அம்மாள் கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பார்த்தார்.

“இது எந்த வரிசையில இருக்கு?”

“பதிவு எண் வரிசையில டாக்டர். தாய்மார் கர்ப்பத்துல வந்து பதிஞ்ச எண்.”

“எத்தனை நாள் குழந்தைன்னு போட்டு, பெரிய வயசுலேர்ந்து அடுக்கிக் கொண்டா. பெரிய வயசுக்குத்தான் முதல்ல போன். எல்லாரும் இன்னிக்கே வரணும். நாளைக்குன்னு ஒருத்தர்கூட சொல்லக் கூடாது.”

“டாக்டர், அதுல என் தங்கச்சி பிள்ளையும் இருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எத்தனை நாள்?”

“முப்பத்தெட்டு.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இருபத்திமூணு பேர்ல ஒருத்தருக்கும் இல்லாம இருக்கலாம்” என்றார். “ஆயிரம் ரெண்டாயிரத்துல ஒண்ணுக்குத்தான் வரும். போ, முதல்ல போனைப் பண்ணு.”

இன்றைய தேதியிலிருந்து பிறந்த தேதியைக் கழிக்கும் க்வெரி எழுத அரை நிமிடம் போதும். எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. அறுபத்தொரு நாள் முதலிலும் ஒன்பது நாள் கடைசியிலும் வந்தது. தங்கையின் மகள் ஒன்பதாவது இடத்தில் இருந்தாள். முதல் பன்னிரண்டு பேர் எனக்கு, மற்றவர்கள் செவிலியருக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

முதல் வரிசை, அறுபத்தொரு நாள். நான் என் கையால் காலியாக்கிய ஆறு பேரில் ஒருத்தி. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மூன்று முறை அடித்தேன். ஒரு தாளைக் கிழித்து விலாசத்தை எழுதி ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் கொடுத்து, கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள் அண்ணா, வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள் என்று கெஞ்சினேன்.

இரண்டாவது எடுத்தார்கள். பின்னால் குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருந்தது. அழட்டும், நன்றாக அழட்டும் என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது ஒரு தகப்பன்.

“ரத்த மாதிரி சரியில்லைங்க. மறுபடி எடுக்கணும். இன்னிக்கே வந்துடுங்க” என்றேன்.

“ரெண்டு மாசம் ஆகப்போகுது. சரியில்லன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“இன்னிக்குத்தாங்க பார்த்தோம்.”

“ரெண்டு மாசமா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?”

“வந்துடுங்க, தயவுசெஞ்சு வந்துடுங்க” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடித்துவிட்டு, எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. என் கைப்பேசி மேசையில் பக்கத்திலேயே கிடந்தது. தங்கைக்கு முதலில் போட எனக்கு எந்தத் தடையும் இல்லை. ஒரு அழுத்து அழுத்தினால் போதும். முறைப்படி வரிசையாகப் போனேன் என்று யாராவது என்னை நேர்மையானவள் என்று நினைத்தால் அது தப்பு. பயந்துகொண்டு போனேன். எட்டுப் பேரிடம் பேசி முடிக்கும்வரை அவள் வீட்டில் ஒன்றும் ஆகாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

இதற்கு நடுவில் நிர்வாகி வந்தார். விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, “யாராவது கேட்டா லேப் மெஷின் ரிப்பேர், அதனால லேட்டுன்னு சொல்லுங்க. எல்லாம் நல்லபடியா முடியும். நீங்களா வாயைக் கொடுத்து மாட்டிக்காதீங்க” என்றார். நான் தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் யார் என்ன சொல்லியிருந்தாலும் தலையை ஆட்டியிருப்பேன்.

ஒன்பதாவது வந்தது. அவள் நம்பரை எந்தத் தாளிலும் பார்க்க வேண்டியதில்லை.

“சொல்லுக்கா. சாப்டியா?”

“பாப்பா என்ன பண்றா?”

“வேற என்ன, தூக்கம்தான். குளிப்பாட்டும்போதுகூடத் தூங்குறா. சிரிப்பா வருது.”

“ஒரு ஆட்டோ பிடிச்சு இங்க வா. உடனே.”

“ஏன்?”

“சும்மா ஒரு டெஸ்ட். அட்டை கெட்டுப்போச்சாம். மறுபடி எடுக்கணும்.”

“நீ பார்த்தேன்னு சொன்னியே” என்றாள்.

“வாடி. வந்தப்புறம் பேசிக்கலாம்” என்று வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் நடைபாதையில் எள் விழ இடமில்லை. தாய்மார்கள், துணிப்பைகள், பால் வாசனை, பல குரல்களில் அழுகை. மூன்றாவது வரிசைத் தகப்பன் என் கண்ணாடி ஜன்னலுக்கு நேர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தங்கை வந்தபோது நான் எழுந்து வெளியே ஓடினேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்று, அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள்.

“இத்தனை பேருக்குமா அட்டை கெட்டுப்போச்சு?”

“ஆமா.”

நான் குழந்தையை வாங்கினேன். ஐந்து நாளைக்கு முன்னால்கூட இதே குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுத்தான் வந்தேன். இன்றைக்குப் பார்க்கும்போது முகம் உப்பியிருந்தது தெரிந்தது, தோல் வறண்டு கையில் குளிர்ந்தது, நாக்கு வாய்க்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. எதுவும் புதிதாக வந்ததில்லை. நான் பார்க்காமல் இருந்தது. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், உச்சந்தலையைத் தடவினார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. கையில் ஊசி ஏறியபோது குழந்தை கண்ணைத் திறந்து, முனகிவிட்டு, மறுபடி மூடிக்கொண்டது.

முடிவுகள் மூன்று மணிக்கு வரத் தொடங்கின. லேப்காரர் போனில் பதிவு எண்ணையும் அளவையும் வாசிக்க வாசிக்க, நான் ஒவ்வொரு காலிக் கட்டமாக நிரப்பினேன். இரண்டு. மூன்றரை. ஐந்து. நாலு. அறுபத்தொரு நாள் குழந்தையை ஓட்டுநர் ஒன்றரை மணிக்கே கூட்டி வந்துவிட்டார். தாய் நம்பரை மாற்றியிருந்தாளாம். அதற்கு இரண்டரை. மூன்றாவது வரிசைக்கு நாலரை. ஒவ்வொன்றாக நல்லபடியாக வரவர எனக்குப் பயம் குறையவில்லை, கூடியது. ஆயிரத்தில் ஒன்று என்று டாக்டர் சொன்னதை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே தட்டினேன்.

அவர் அடுத்த பதிவு எண்ணை வாசித்தார். வாசித்துவிட்டு நிறுத்தினார். காலையில் பேசியதற்குப் பிறகு அவர் என்னைத் துடைப்பம் என்று கூப்பிடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“சொல்லுங்க” என்றேன்.

“ரெண்டு வாட்டி போட்டுப் பார்த்துட்டேம்மா. நூத்துக்கு மேலன்னு காட்டுது. அதுக்கு மேல எங்க மெஷின் காட்டாது.”

‘நூற்றுக்கு மேல்’ என்று தட்டினேன். கட்டம் வாங்கவில்லை. எண் மட்டும்தான் போடலாம் என்று அறிவிப்பு வந்தது. அழித்துவிட்டு 100 என்று போட்டேன். வாங்கிக்கொண்டது. பிறகு எதற்கு அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, பழக்கமாக இருக்கும், ‘திரும்ப அழைக்க’ க்வெரியைத் திறந்து ஓட்டினேன். பழைய நால்வரின் பெயருக்குக் கீழே ஐந்தாவதாக என் தங்கையின் பெயர் வந்தது. லிஸ்ட் சரியாக வேலை செய்தது. மேசையில் தலையைக் கவிழ்த்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதேன்.

டாக்டர் தங்கையை உட்காரவைத்துச் சொல்லும்போது நான் கதவை ஒட்டி நின்றேன். சுரப்பி வேலை செய்யவில்லை. மாத்திரையை இப்போதே ஆரம்பிக்கலாம், குழந்தை நன்றாகத் தேறும், சுறுசுறுப்பு வந்துவிடும். பேச்சு, படிப்பு இதெல்லாம் எப்படி வரும் என்று இப்போது சொல்ல முடியாது. இரண்டு வாரத்தில் ஆரம்பித்திருந்தால் தைரியமாகச் சொல்லியிருக்கலாம். டாக்டர் எதையும் பூசி மெழுகவில்லை. தங்கை ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்தாள்.

“மெஷின் ரிப்பேர்னு வெளிய சொல்றாங்களே டாக்டர்?” என்று கேட்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார்.

“மெஷின் இல்ல” என்றேன். “நான்தான். அட்டை கெட்டுப்போனவங்களுக்கு ஒரு நம்பர் போட்டு வச்சிருந்தாங்க. அசிங்கமா இருக்குன்னு நான் அழிச்சேன். அதனால யாரும் லிஸ்ட்ல வரல. பாப்பாவும் வரல.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபத்தைத் தேடினேன். கோபம் இருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும்.

“அன்னிக்கு நான் கேட்டப்போ லிஸ்ட்ல மட்டுமா பார்த்தே?”

“ஆமா.”

“பாப்பாவோட பேரைப் போட்டு அவளோடதைத் தனியாத் திறந்து பார்க்கலாமில்ல?”

“பார்க்கலாம்.”

“ரொம்ப நேரம் ஆகுமா?”

“அரை நிமிஷம்” என்றேன்.

செவிலியர் மாத்திரையைக் கால் பாகமாக உடைத்து, ஸ்பூனில் நசுக்கி, நாலு சொட்டுப் பாலில் கரைத்துக் காட்டினார். நான் ஸ்பூனுக்குக் கை நீட்டினேன். தங்கை செவிலியரிடமிருந்து அதை வாங்கி, குழந்தையின் உதட்டோரம் வைத்து, சொட்டுச் சொட்டாக அவளே கொடுத்தாள். முப்பத்தெட்டாம் நாள், மாலை நாலு இருபது.

நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. நல்ல செய்தி கேட்டவர்களுக்குத்தான் வீட்டுக்குப் போக எத்தனை அவசரம். மூன்றாவது வரிசைத் தகப்பன் போகும்போது ஜன்னலில் எட்டிப் பார்த்து, “கோவத்துல பேசிட்டேம்மா, மனசுல வச்சுக்காத” என்றுகூடச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகைதான் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை ஜன்னலுக்கு வந்தாள். டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளியில் தள்ளினாள்.

“ரெண்டு வாரம் கழிச்சு டெஸ்ட். தேதி பதியச் சொன்னாங்க.”

பதிவைத் திறந்தேன். தேதியைப் போட்டேன். முடிந்தது என்று நிமிர்ந்தால், அவள் போகாமல் நின்றாள்.

“போன் நம்பர் என்ன இருக்கு?”

பார்த்தேன். என் நம்பர். பிரசவத்துக்குச் சேர்ந்த அன்று படிவம் நிரப்பும்போது அவளே போட்டது. நான் உன் நம்பரைப் போடு என்று சொன்னதற்கு, நீதான் அங்கேயே இருக்கியே, உனக்குத் தெரிஞ்சா எனக்குத் தெரிஞ்ச மாதிரிதானே என்று சிரித்தாள்.

“என்னோடது” என்றேன்.

“அதை எடுத்துட்டு என் நம்பர் போடணும்.”

அழித்தேன். அவள் தன் நம்பரைச் சொல்ல ஆரம்பித்தாள். எத்தனையோ வருடமாக எனக்கு மனப்பாடமான நம்பர். ஆனால் அவள் ஒவ்வொரு எண்ணையும் நிறுத்தி, நான் தட்டுவதைப் பார்த்து, பிறகுதான் அடுத்ததைச் சொன்னாள். நானும் அவள் சொன்ன பிறகுதான் தட்டினேன்.

“திருப்பிப் படிங்க” என்றாள்.

படித்தேன். கடைசி எண் வரைக்கும் கேட்டாள். சரி என்று தலையை அசைத்துவிட்டு, குழந்தையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.